பேனாவும் அமானிதமே!

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் தொழுகையைப் பற்றி என்பார் ஒருவர். ஹஜ்ஜைப் பற்றி என்பார் மற்றொருவர். ஆனால் அந்த வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் அது. தவணை குறித்துக் கடன் கொடுத்தால் அதை எழுதிக் கொள்ள வேண்டும் என்றும், எழுதுகிறவர் நீதி தவறாமல் எழுத வேண்டும் என்றும், தொகை சிறியதோ பெரியதோ எழுதச் சலிப்படையக் கூடாது என்றும் வல்ல இறைவன் அதிலே கற்றுத் தருகிறான். பணத்தைப் பற்றி எழுதும் பேனாவுக்கு இவ்வளவு பெரிய கண்ணியத்தை அவன் கொடுத்திருக்கிறான்.

அதே பேனாவுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. வட்டியை உண்பவரையும், கொடுப்பவரையும், அதை எழுதுபவரையும், அதற்குச் சாட்சி நிற்கும் இருவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. வட்டிப் பணத்தில் ஒரு காசு கூடத் தொடாத எழுத்தனும் அந்தப் பட்டியலில் சேர்ந்து விட்டான்! காரணம் என்ன? அவனுடைய எழுத்தை நம்பித்தான் பணம் கைமாறுகிறது.

இன்று பத்திரம் எழுதுவோர் மட்டும்தானா பணத்தைப் பற்றி எழுதுகிறார்கள்? நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிகளிலும் பல்கலைக் கழகங்களிலும் இஸ்லாமியப் பொருளாதாரம், வட்டியில்லா நிதி என்ற தலைப்புகளில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதுகிறார்கள். மதரஸாக்களில் பட்டம் பெற்ற இளம் ஆலிம்களும் எழுதுகிறார்கள். அல்ஹம்து லில்லாஹ், மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அந்த எழுத்துக்கும் பொறுப்பு உண்டு. அதற்கும் மறுமையில் கேள்வி உண்டு. அது பற்றித்தான் இந்த மாதம் சிந்திக்கப் போகிறோம்.

ஒரு கட்டுரை என்ன செய்து விடும்?

"கட்டுரைதானே! பேராசிரியர் நாலு பேர் படிப்பார்கள். அதனால் ஊருக்கு என்ன வந்தது?" என்று நம்மில் சிலர் எண்ணலாம். அப்படியல்ல.

மலேயா நாட்டு முஸ்லிம்கள் வட்டிக்கு அஞ்சி ஹஜ்ஜுப் பணத்தை வீட்டிலேயே ஒளித்து வைப்பதும், போதாத பணத்துக்கு நிலத்தையும் மாட்டையும் விற்று ஹஜ்ஜுக்குப் போய் வந்து வறுமையில் வாடுவதும் வழக்கமாக இருந்தது. உங்கு அப்துல் அஸீஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1959இல் இந்த நிலையை ஆராய்ந்து, ஹாஜிகளின் சேமிப்புக்கு வட்டி கலவாத ஒரு வழியை எழுதி அரசுக்குக் கொடுத்தார். அந்தக் கட்டுரையிலிருந்து பிறந்ததுதான் 1963இல் செயல்படத் தொடங்கி, இன்று தபுங் ஹாஜி என்று உலகமே அறிந்திருக்கும் நிறுவனம்.

நம் நாட்டிலே கோரக்பூரில் 1931இல் பிறந்த முஹம்மது நஜாத்துல்லாஹ் ஸித்தீகி அவர்கள் மதரஸாக் கல்வியும் பெற்றவர். அலிகர் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரமும் படித்தவர். வட்டியில்லா வங்கி எப்படி நடக்கும் என்று அவர் உர்தூவில் எழுதிய நூல் பல மொழிகளுக்குச் சென்றது. 1976இல் மக்கா முகர்ரமாவில் நடந்த முதலாவது சர்வதேச இஸ்லாமியப் பொருளாதார மாநாட்டில், அதுவரை இத்துறையில் எழுதப்பட்டவற்றையெல்லாம் திரட்டி அவர் ஒரு மதிப்பாய்வு வழங்கினார். 1982இல் மன்னர் பைஸல் பரிசு அவரைத் தேடி வந்தது. 2022இல் அவர் மறைந்தார்; அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக! அவர் எழுதியதோ காகிதத்தில். அதைப் படித்து உருவான நிறுவனங்களில் இன்று பல நாட்டு மக்களின் பணம் இருக்கிறது.

இந்திய அரசாங்கத்தின் செவிக்கும் இது எட்டியது. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் தந்த அறிக்கையில் வட்டியில்லா வங்கி முறைக்கும் இடம் தர வேண்டும் என்று பரிந்துரை செய்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அதை மேற்கொண்டு நடத்துவதில்லை என்று முடிவு செய்தது. பரிந்துரை வந்ததும் எழுத்தால்தான். அந்த வாதம் மறுபடி எழ வேண்டுமானாலும் நல்ல எழுத்தால்தான் எழ முடியும்.

கருங்கல் பக்கத்து ஒற்றி

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். குமரி மாவட்டத்தில் கருங்கல் என்றால் சந்தைதான் எல்லாருக்கும் நினைவு வரும். வாழைக்குலையும் மரச்சீனியும் தேங்காயும் மீனும் கைமாறும் இடம். அந்தப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு வாலிபர், வணிகவியலில் முனைவர் பட்டத்திற்குப் படிப்பவர், தம்முடைய கட்டுரையை எடுத்துக் கொண்டு நம்மிடம் வந்தார். ஒரு சஞ்சிகைக்கு அனுப்புமுன் மார்க்க ரீதியாகப் பார்த்துத் தர வேண்டும் என்றார். தலைப்பு: ஒற்றி.

ஒற்றியை அறியாத வீடு நம் பகுதியில் உண்டா? ஒருவர் வீட்டுக்காரருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுக்கிறார். வாடகை கிடையாது, குறிப்பிட்ட காலம் அந்த வீட்டில் குடியிருக்கிறார். காலம் முடிந்ததும் கொடுத்த தொகையை அப்படியே திரும்பப் பெற்று வீட்டை ஒழிந்து கொடுக்கிறார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்திலும், அனுபவ பாத்தியதையுடன் கூடிய அடமானம் என்று இதற்கு இடம் இருக்கிறது. திருவிதாங்கூர் அரசின் காலத்தில் தோப்புகளும் வயல்களும் ஒற்றியாகவே தலைமுறை தலைமுறையாகக் கைமாறின. 1956 நவம்பர் 1 அன்று நம் பகுதி தாய்த் தமிழகத்தோடு இணைந்த பிறகும், பெட்டியில் இருக்கும் பழைய ஆதாரங்கள் பல மலையாளத்திலேயே இருக்கின்றன.

அந்தத் தம்பியின் கட்டுரையைப் படித்தோம். நாற்பது பக்கத்தில் முப்பத்தைந்து பக்கம் இஸ்லாமியப் பொருளாதாரம் என்றால் என்ன என்பதற்கே போயிருந்தது. முளாரபா, முஷாரகா, முராபஹா என்று எல்லா விளக்கமும் இருந்தன. கருங்கல் பக்கத்து ஒற்றி பற்றி அரைப் பக்கம். கடைசியில், ஒற்றி ஹராம் என்று ஒரு வரி.

"தம்பி, ஒற்றிக்குக் கொடுத்தவர் எத்தனை பேரிடம் பேசினீர்கள்?" என்று கேட்டோம்.

"பேசல்லை உஸ்தாதே. ஒத்திதானே, நமக்குத் தெரிஞ்சதுதானே!" என்றார்.

நமக்குத் தெரிந்ததுதானே என்ற இந்த எண்ணம்தான் ஆராய்ச்சிக்கு முதல் விரோதி. ஒரு பொருளைச் சரியாக அறிந்த பிறகுதான் அதன் மீது சட்டம் சொல்ல முடியும் என்பது உஸூல் கலையில் பால பாடம். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது ஷைபானி (ரஹ்) அவர்கள் சாயம் தோய்ப்பவர்களிடம் போய், அவர்கள் எப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்கிறார்கள் என்று விசாரிப்பார்கள் என்று கிதாபுகளில் காண்கிறோம். அவ்வளவு பெரிய இமாமுக்குச் சாயத் தொட்டியின் அருகே என்ன வேலை? வியாபாரத்தின் சட்டத்தைச் சொல்ல, வியாபாரியின் வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் முன்மாதிரி அண்ணல் நபி (ஸல்) அவர்களே. கைபருக்கு அதிகாரியாக அனுப்பப்பட்டவர் உயர்ந்த ரகப் பேரீச்சம் பழத்தைக் கொண்டு வந்தபோது, கைபரின் பழமெல்லாம் இப்படித்தானா என்று முதலில் கேட்டார்கள். இல்லை, தாழ்ந்த ரகத்தில் இரண்டு மரக்கால் கொடுத்து இதில் ஒரு மரக்கால் வாங்குகிறோம் என்று அவர் கணக்கைச் சொன்னார். அவ்வாறு செய்ய வேண்டாம் என்று தடுத்தார்கள். தடுத்ததோடு விட்டு விடாமல், தாழ்ந்த ரகத்தைக் காசுக்கு விற்று, அந்தக் காசைக் கொண்டு உயர்ந்த ரகத்தை வாங்கிக் கொள்ளுமாறு வழியும் காட்டினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இந்த ஹதீஸை எண்ணிப் பாருங்கள். முதலில் கேள்வி, பிறகு உள்ளபடியான கணக்கு, பிறகு சட்டம், கடைசியில் மாற்று வழி. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இதைவிடச் சிறந்த ஒழுங்கு ஏது?

கேட்டபோது தெரிந்தது

அந்தத் தம்பி மனம் சலிக்காமல் போய்க் கேட்டார். பல மாதங்கள் வீடு வீடாகப் போனார். தனியாகப் பெண்கள் இருக்கும் வீடுகளுக்குத் தம் உம்மாவையும் அழைத்துக் கொண்டு போனார். வந்து சொன்ன செய்திகள் அரைப் பக்கத்தில் அடங்குபவையல்ல.

ஒற்றி ஒன்றல்ல, பலவாக இருக்கிறது. வாடகையே இல்லாத முழு ஒற்றி ஒரு வகை. பெரிய தொகையும் கொடுத்து, பெயருக்குச் சிறிது வாடகையும் கொடுப்பது ஒரு வகை. தோப்பை ஒற்றிக்குக் கொடுத்து, காய்ப்பை எல்லாம் பணம் கொடுத்தவரே எடுத்துக் கொள்வது ஒரு வகை. அதிலும் வேலி கட்டுவதும் உரம் வைப்பதும் தீர்வை கட்டுவதும் யார் பொறுப்பு என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒற்றிக்கு எடுத்தவரே அதை இன்னொருவருக்கு ஒற்றி கொடுப்பதும் நடக்கிறது.

மனிதர்களும் ஒரே மாதிரி இல்லை. மகளின் கல்யாணத்துக்குப் பணம் வேண்டி, குடியிருந்த வீட்டையே ஒற்றிக்குக் கொடுத்து விட்டுச் சகோதரன் வீட்டுத் திண்ணைக்குப் போன குடும்பமும் உண்டு. அங்கே பணம் கொடுத்தவர் வசதியானவர். இன்னோர் இடத்தில் பணம் கொடுத்தவர் ஒரு விதவைத் தாய். வளைகுடாவில் உழைத்து மறைந்த கணவர் விட்டுச் சென்ற பணத்தை ஒற்றிக்குக் கொடுத்து, அந்தக் கூரையின் கீழ்தான் பிள்ளைகளை வளர்க்கிறார். அங்கே வீட்டுக்காரர்தான் வசதியானவர்! ஏழையைச் செல்வன் சுரண்டுகிறான் என்று ஒரே வரியில் எழுதி விட்டால் அந்தத் தாயைப் பற்றிப் பொய் எழுதியவர்களாவோம்.

எல்லா வீட்டிலும் ஒரே குரலில் வந்த பதில் ஒன்று உண்டு: "வட்டியா? அல்லாஹ் காப்பாத்தணும்! நாங்க வட்டிக்குக் குடுக்கறதே இல்ல, ஒத்திக்குத்தான் குடுத்திருக்கோம்."

இந்தப் பதிலில் அச்சமும் இருக்கிறது, அறியாமையும் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். 5 லட்சம் ரூபாய்க்கு 3 ஆண்டு ஒற்றி. அந்த வீட்டுக்கு ஊர் வழக்கப்படி மாத வாடகை 5,000 ரூபாய் வரும் என்று வையுங்கள். 36 மாதத்துக்கு 1,80,000 ரூபாய். பணம் கொடுத்தவருக்கு 5 லட்சமும் திரும்பக் கிடைக்கிறது. 1,80,000 ரூபாய் பெறுமான குடியிருப்பும் கிடைக்கிறது. கடனுக்கு மேல் வந்த இந்த ஆதாயத்துக்கு என்ன பெயர் என்பதுதான் கேள்வி.

சட்டம் சொல்லும்போது நிதானம்

பயன் இழுத்து வரும் கடனெல்லாம் வட்டியே என்ற கருத்துள்ள வாசகத்தை அந்தத் தம்பி ஹதீஸ் என்று எழுதியிருந்தார். நாயகம் (ஸல்) அவர்களின் வாக்காக வரும் அதன் அறிவிப்புத் தொடர் நிலைக்கத் தக்கதல்ல என்று இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் புலூகுல் மராமில் குறித்திருக்கிறார்கள். எனினும் அதன் கருத்தை மத்ஹபுகளின் இமாம்கள் ஏற்றிருக்கிறார்கள். உனக்குக் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதே, அது வட்டியாகும் என்ற கருத்தில் அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அவர்கள் எச்சரித்தது புகாரியிலேயே வருகிறது. ஆகவே கட்டுரையில் அதை அதன் தரத்தோடு எழுத வேண்டும். ஹதீஸ் அல்லாததை ஹதீஸ் என்று எழுதுவது நம் கருத்துக்குச் சாதகமாக இருந்தாலும் பாவம்தான். தம் மீது வேண்டுமென்று பொய்யுரைத்தவரின் தங்குமிடம் நரகம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கும்போது, நல்ல நோக்கம் என்பது சாக்காகாது.

எதிர்ப் பக்கத்து ஆதாரத்தையும் மறைக்கக் கூடாது. அடகாக வந்த பிராணிக்குத் தீனி போடுபவர் அதில் சவாரி செய்யலாம், பாலைக் கறந்து கொள்ளலாம் என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. ஒற்றியை ஆகுமாக்க விரும்புகிறவர் இதைத்தான் எடுப்பார். ஆனால் அங்கே பயன் செலவுக்கு ஈடாக வருகிறது. தீனி தின்னாத வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று இமாம்கள் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் எழுதிய பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

தமிழகத்தில் ஷாபிஈகளும் இருக்கிறோம், ஹனபிகளும் இருக்கிறோம். அடகுப் பொருளின் பயன் அதை வைத்தவருக்கே உரியது, பணம் கொடுத்தவர் அதை நிபந்தனையாக்கக் கூடாது என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலை. ஹனபி மத்ஹபில், உரிமையாளர் மனமுவந்து அனுமதித்தால் என்ன என்ற விவாதம் நடந்திருக்கிறது. பணம் திரும்பியதும் பொருளும் திரும்பும் என்ற ஒப்பந்தத்தோடு விற்கும் பைஉல் வபா பற்றியும் பிற்காலத்து ஹனபி மேதைகள் நீண்ட ஆய்வு செய்திருக்கிறார்கள். திமிஷ்கு நகரத்து இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் நூலில் இந்த விவாதத்தினிடையே ஒரு நுட்பம் எடுத்துக் காட்டப்படுகிறது. மக்களின் நிலையைப் பார்த்தால், பயன் கிடைக்கும் என்றுதான் பணத்தையே கொடுக்கிறார்கள்; அது இல்லையென்றால் கொடுக்கவே மாட்டார்கள்; ஆகவே வாயால் சொல்லாவிட்டாலும் அது நிபந்தனைதான் என்பது அதன் கருத்து.

இதைக் கவனித்தீர்களா? சட்டம் இங்கே எதன் மீது நிற்கிறது? மக்களின் நிலை மீது! மக்கள் எந்த எண்ணத்தில் பணம் கொடுக்கிறார்கள் என்பதை யார் அறிந்து சொல்வது? வீடு வீடாகப் போய்க் கேட்ட அந்தத் தம்பிதான் சொல்ல முடியும். "இந்த வீட்டில் குடியிருக்க முடியாது என்றால் பணம் கொடுத்திருப்பீர்களா?" என்ற ஒரே கேள்விக்கு அவர் கேட்டு வந்த பதில்களே பத்வாவுக்கு அஸ்திவாரம். கல்லூரியில் படித்தவரும் மதரஸாவில் படித்தவரும் ஒரே பாயில் உட்கார வேண்டிய இடம் இதுதான். ஒருவர் கணக்கைக் கொண்டு வர வேண்டும். மற்றவர் கிதாபைக் கொண்டு வர வேண்டும்.

முழு ஒற்றி கூடாது என்றுதான் நாமும் சொல்கிறோம். பெரும் தொகை கடனாகக் கொடுத்ததற்காக வாடகையைக் குறைப்பதும் அதன் சாயலே. கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். சரி, மாற்று வழி? 3 ஆண்டு வாடகையை ஒருசேர முன்பணமாகக் கொடுத்து விடலாம். அது சுத்தமான இஜாரா. அந்தப் பணம் வீட்டுக்காரருக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் நம் உதாரணத்தில் அவருக்குக் கிடைப்பது 1,80,000 ரூபாய். மகளின் கல்யாணத்துக்கு அவர் தேடியது 5 லட்சம்! மீதியை யார் கொடுப்பது? அழகிய கடன் கொடுக்க மஹல்லாவில் நிதி இருக்கிறதா? இந்த இடைவெளியைக் கட்டுரை மறைக்கக் கூடாது. மருந்து பாதி நோய்க்குத்தான் என்றால் பாதிக்குத்தான் என்று எழுத வேண்டும்.

நனைந்த தானியம்

இந்த ஆராய்ச்சியின் நடுவில்தான் தம்பிக்கு ஒரு சோதனை வந்தது. ஒற்றிக்கு மாற்றாக ஒரு மஹல்லாவில் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்று முன்பு நடந்திருந்தது. அதன் நோட்டுப் புத்தகங்களைப் பார்க்கத் தந்தார்கள். முதல் சில ஆண்டுகள் கடன் சீராகத் திரும்பியது. பிறகு வசதியுள்ளவர்களே வாங்கித் திருப்பாமல் விட்டார்கள். நிதி நின்று போனது. தம்பி அதை எழுதினார். பெரியவர் ஒருவர் அவருடைய வாப்பாவையே வந்து பார்த்து, "இத எழுத வேண்டாம்னு மகன்கிட்ட சொல்லுங்க. பிறத்தியார் படிச்சா நம்ம சமுதாயத்தோட மானம் போகும்" என்றார். வாப்பாவும் கலங்கி விட்டார். தம்பி நம்மிடம் வந்து, அந்த அத்தியாயத்தை எடுத்து விடலாமா என்றார்.

பெரியவரின் கவலை சமுதாயப் பற்றிலிருந்து வந்தது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மதீனத்துக் கடைவீதியில் நடந்ததை நினைவூட்டினோம். தானியக் குவியல் ஒன்றினுள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டு விட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் கண்டித்தார்கள். தானியம் நனைந்தது அவருடைய குற்றமல்ல, மறைத்ததுதான் குற்றம். வெற்றிகளை மேலே பரப்பி, தோல்விகளை அடியில் புதைக்கும் கட்டுரை அந்தக் குவியலைப் போன்றதுதான். நமக்கே பாதகமானாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்று ஸூரத்துன் நிஸாவின் 135ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடவில்லையா?

மறைப்பதால் மானம் நிலைக்கிறதா? அதுவும் இல்லை. 2019 ஜூன் மாதம் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் நிலைகுலைந்தபோது என்ன நடந்தது? ஹலால் முதலீடு என்ற பெயரை நம்பி, பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் அதில் பணம் போட்டிருந்தன. நகையை விற்றுப் போட்டவர்கள் உண்டு. கல்யாணத்துக்குச் சேர்த்ததைப் போட்டவர்கள் உண்டு. கடை வாசலில் அந்தத் தாய்மார்கள் கண்ணீரோடு நின்ற காட்சியை நாடே பார்த்தது. இலாபம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது, யார் தணிக்கை செய்தார்கள் என்று நிதானமாகக் கேட்டு எழுதும் எழுத்து நம்மிடையே போதிய அளவு இருந்திருந்தால், எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்! ஹலால் என்ற சொல் முத்திரை போன்றது. கணக்கைப் பார்க்காமல் அதைக் குத்துகிறவர், பிறருடைய பணத்தின் மீது குத்துகிறார்.

தம்பி அந்த அத்தியாயத்தை வைத்துக் கொண்டார். ஆனால் ஒரு திருத்தம் செய்யச் சொன்னோம். ஊரின் பெயர் வேண்டாம். கடன் வாங்கியவர்களின் பெயரோ அடையாளமோ ஒன்றும் வேண்டாம். நிதி ஏன் நின்றது, ஜாமீன் எப்படி இருந்தது, தவணை தவறியபோது யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பது போதும். உண்மையைச் சொல்வது கடமை. ஒருவரின் மானத்தை அச்சில் ஏற்றுவது புறம். ஒற்றிக்குக் கொடுத்து வீடிழந்த குடும்பத்தின் வறுமையும் அவ்வாறே மறைக்கப்பட வேண்டிய அமானிதம்.

பிறர் அறிவைத் தன்னதாக்குதல்

இன்னொரு நோயையும் சொல்ல வேண்டும். பிறர் எழுதியதைப் பெயர் குறிப்பிடாமல் எடுத்துக் கொள்வது இன்று எளிதாகி விட்டது. கைப்பேசியில் தட்டினால் பக்கம் பக்கமாக வருகிறது. கணினியே கட்டுரை எழுதித் தருகிறது. இல்லாத கிதாபின் பெயரும் இல்லாத பக்க எண்ணும் கூட அதிலே வந்து விடுகின்றன! சரிபார்க்காமல் அவற்றை அப்படியே ஒட்டி, மேலே தம் பெயரைப் போட்டுக் கொள்வோர் உண்டு. தனக்குக் கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டிக் கொள்பவர் பொய்யான இரண்டு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்ற நபிமொழி இவர்களுக்குப் பொருந்தாதா? அறிவிப்புத் தொடரையே மார்க்கத்தின் ஒரு பகுதியாக மதித்த சமுதாயம் நம்முடையது. யாரிடமிருந்து கேட்டோம் என்று சொல்வதில்தான் இல்மின் பரக்கத் இருக்கிறது என்று நம் முன்னோர் கற்றுத் தந்தார்கள். அடிக்குறிப்பு என்று கல்லூரியில் சொல்வதும் அதன் சிறிய வடிவம்தான்.

பணம் கட்டினால் படித்துக் கூடப் பார்க்காமல் சில நாட்களில் அச்சிட்டுத் தரும் சஞ்சிகைகளும் இருக்கின்றன. பதவி உயர்வுக்கும் பட்டத்துக்கும் அவற்றை நாடுவோர் பலர். வட்டி ஹராம் என்று எழுதிய கட்டுரையே காசு கொடுத்து வாங்கிய பொய்ச் சான்றாக முடிந்தால் அதை விடக் கைசேதம் வேறில்லை.

தம்பியின் கட்டுரை நல்லதொரு சஞ்சிகைக்குப் போனது. சில மாதங்களில் திரும்பி வந்தது. எழுதியவர் யார் என்று அறியாமலே இரண்டு அறிஞர்கள் படித்து, ஏழெட்டுக் கேள்விகளை எழுதியிருந்தார்கள். தோப்பு ஒற்றியில் செலவுக் கணக்கு எங்கே? பழைய மலையாள ஆதாரங்களைப் படித்தீர்களா? பைஉல் வபாவுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை என்ன? தம்பி முகம் வாடி வந்தார். "இது ரஹ்மத் தம்பி!" என்றோம். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் சபையில் ஒரு மஸ்அலா நாட்கணக்கில் விவாதிக்கப்பட்ட பிறகே எட்டில் ஏற்றப்படும் என்று கூறப்படுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ தொலை தூரத்திலிருந்து வந்து கேட்டவரிடமும் தமக்குத் தெரியாது என்று தயங்காமல் சொல்லி அனுப்பியவர்கள். கேள்விக்கு அஞ்சாத எழுத்துத்தான் நாளை ஒரு குடும்பத்தின் பணத்தைத் தாங்கும். இப்போது அவர் மலையாளம் தெரிந்த பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து பழைய ஆதாரங்களைப் படித்துக் கொண்டிருக்கிறார். அல்லாஹ் இலேசாக்குவானாக!

நம் கடமை

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இத்துறையில் எழுதினால், எப்போது முடியும், எப்போது வேலை கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். யாரிடம் கேட்டாய், எதைப் பார்த்தாய் என்றும் கேளுங்கள். அவர்கள் உங்கள் வாசலுக்கு வந்து ஒற்றியைப் பற்றியும் சிட்டியைப் பற்றியும் விசாரித்தால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் பதில் ஒரு மார்க்கத் தீர்ப்புக்குள் போய்ச் சேரும்.

ஜமாஅத் பெரியோர்களே! பைத்துல்மால் கணக்கை, கடன் நிதியின் கணக்கை ஒழுங்காக எழுதி வையுங்கள். சிறியதென்று எழுதச் சலிக்க வேண்டாம் என்பது அல்லாஹ்வின் சொல்லாயிற்றே! ஆலிம் பெருமக்களே! ஒற்றிப் பத்திரத்தை ஒரு முறையேனும் கையில் வாங்கி, முழுவதும் படித்துப் பார்த்த பிறகு மிம்பரில் அதைப் பற்றிப் பேசுவோமாக!

ஒற்றிக்குப் பணம் கொடுத்திருக்கும் சகோதரர்களே, சகோதரிகளே! அச்சப்பட்டு அவசரப்படவும் வேண்டாம். பேர் வட்டியில்லையே என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். உங்கள் பத்திரத்தை எடுத்துக் கொண்டு விஷயம் அறிந்த ஆலிமிடம் செல்லுங்கள். அடுத்த தவணையையேனும் வாடகையாக மாற்றிக் கொள்ள வழி தேடுங்கள். கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடுங்கள். அது தர்மத்தின் வாசல் என்று ஸூரத்துல் பகராவின் 280ஆம் வசனம் கற்றுத் தருகிறது.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கித் தருவாயாக! எங்கள் பிள்ளைகளின் பேனாவைப் பொய்யிலிருந்தும் மறைப்பிலிருந்தும் பெருமையிலிருந்தும் காப்பாயாக! அறிந்ததை நீதியோடு எழுதவும், அறியாததைக் கேட்டறியவும் எங்களுக்குத் தௌபீக் செய்வாயாக! வீடிழந்தவர்களுக்கு வீட்டையும், கடன்பட்டவர்களுக்கு நிம்மதியையும் அருள்வாயாக!

ஆமீன்! வல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.